வளைவுக்கடியில் வாங்கிய டேப்

கட்டுமான மேலாண்மை சொல்லித்தரும் பயிற்சி நிலையத்தின் வாத்தியார், தினமும் மதில் ஏறிக் குதித்துத்தான் வகுப்புக்குப் போகிறார் என்று முதலில் சொன்னவர் எனக்கு முடி வெட்டுபவர். கத்தி கழுத்தோரம் இருக்கும்போது வரும் செய்தியை நான் மறுப்பதில்லை. மறுநாள் மருந்துக்கடை வரிசையில் அதே செய்தி ஒரு சுற்றுப் பெருத்து நின்றது. கடன்காரர்கள் முன்வாசலில் காத்திருக்கிறார்களாம். வரிசையின் கடைசியில் இருந்தவர், கடன் இல்லை, அவருக்கு இரண்டாவது குடும்பம் இருக்கிறது என்று திருத்தினார். வதந்திக்குள் இரண்டாவது வீடு கட்டுவது சுலபம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில், சற்றே முன்வந்த வயிற்றோடு, ஒருவர் தினமும் மதில் ஏறுகிறார் என்றால் நேரில் பார்த்துவிட வேண்டியதுதான். காலை ஏழு மணிக்கு அந்த நிலையத்துக்கு எதிரே போய் நின்றேன். ஏழு இருபதுக்கு ஸ்கூட்டரில் வந்தார். முன்வாசலுக்கு முப்பது அடி இருக்கும்போது, தெருவில் எதையோ தவறவிட்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டே இடது பக்கச் சந்தில் திரும்பினார். பின்னாலேயே போனேன். மதிலுக்கு வேலையே இல்லை. சைக்கிள் கொட்டகையை ஒட்டி, குப்பை வண்டிக்காக வைத்த ஒரு சின்ன இரும்புக் கதவு. பையை முதலில் உள்ளே விட்டு, பிறகு வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு தன்னையும் உள்ளே விட்டார்.

வதந்தியில் பாதி பொய் என்று தெரிந்தது. மீதிப் பாதிக்காக வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"மதிலா? அவர் ஏணியிலயே ஏற மாட்டாருங்க. மூணாவது படியில தலை சுத்திரும்."

"அப்ப ஏன் முன்வாசல்ல வரல?"

"முன்வாசல்ல மேடம் நிக்கிறாங்க இல்ல?"

"எந்த மேடம்?"

"கோளாறு மேடம்," என்றார், ஊர் அறிந்த பட்டத்தைச் சொல்வது போல.

முன்வாசலில் பெரிய இரும்பு வளைவு. அதன் இரண்டு கால்களிலும் பிற்பாடு வெட்டி ஒட்டவைத்த தழும்பு. வளைவுக்கடியில், மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் அளக்கும் டேப்புமாக, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி கம்பி ஏற்றி வந்த லாரியை நிறுத்தி, அதன் உயரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடன்காரர் போலவும் இல்லை, இரண்டாவது குடும்பம் போலவும் இல்லை.

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துத் தருபவர் வாத்தியாரின் மனைவி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வரிசையில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டாவது குடும்பமா?" என்றார், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே. "இருக்கிற ஒண்ணுக்கே மனுஷன் நேரத்துக்கு வரதில்ல. அவர் பையில அந்தப் பொண்ணோட டேப்பு ஒண்ணு இருக்கு. நாலு மாசமாச்சு. திருப்பிக் குடுக்கல. அவ்வளவுதான் விஷயம்."

"ஒரு டேப்புக்கா இவ்வளவும்?"

"டேப்பு மட்டும்னா நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேனே!"

அந்த வாத்தியாரை மாணவர்கள் கண்ணாடி சார் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். படித்து முடித்த கையோடு ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் சேர்ந்து, பதினெட்டு வருடம் கால அட்டவணை போட்டவர். எந்த நாளில் அஸ்திவாரம், எந்த நாளில் தூண், எந்த நாளில் தளம் என்று அகலமான தாளில் கோடு கோடாக இழுப்பார். அவர் கோடு போட்ட கட்டடங்கள் இந்த ஊரில் பதினாறு நிற்கின்றன. ஒன்றின் மேல்மாடிக்கும் அவர் போனதில்லை. சாரத்தில் கால் வைத்தாலே தலை சுற்றும். அலுவலகத்தில் இதை வைத்தே பொழுது போக்கினார்கள். "சாருக்குத் தரைத்தளம் மட்டும் காட்டுங்கப்பா" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாராம்.

பயிற்சி நிலையத்துக்கு வாத்தியாராக வந்த நான்காம் வருடம் அந்தக் கண்ணாடிகள் வந்தன. தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணை முழுதாக மூடிவிடும் பெட்டி. உள்ளே முழுசாக ஒரு கட்டுமான இடம் விரியும். தலையைத் திருப்பினால் கிரேன், குனிந்தால் பள்ளம், கையை நீட்டினால் சிமெண்டுக்கு ஆர்டர். கண்ணாடி சார் முதல் முறை மாட்டியபோது ஒன்பதாவது மாடியின் விளிம்பில் நின்றார். கீழே பார்த்தார். தலை சுற்றவில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றியபோது அவர் கண் ஈரமாக இருந்தது, அதைப் பெட்டியின் சூடு என்று துடைத்துக்கொண்டார் என அவர் மனைவி சொன்னார்.

கேலி செய்வது என் பிழைப்பு. ஆனால் அந்த வகுப்பை நான் கேலி செய்ய மாட்டேன். எந்த முதலாளியும் கற்றுக்குட்டிகளைத் தன் சாரத்தில் ஏறவிடுவதில்லை. கண்ணாடிக்குள் அவர்கள் ஏறினார்கள், விழுந்தார்கள், எழுந்து மறுபடி ஏறினார்கள். கம்பி வருவதற்கு முன் கொத்தனாரை வரச்சொன்னால் என்ன ஆகும், மழை நாளில் மண் தோண்டினால் என்ன ஆகும் என்று நூறு தவறுகளை யாருக்கும் காயமில்லாமல் செய்து பார்த்தார்கள். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே திருதிருவென்று விழிக்காமல் நின்றார்கள். சென்ற வருடம் நானே போய் மாட்டிப் பார்த்தேன். மூன்றாவது மாடிக்கு ஏறி, அங்கிருந்து நிஜமான அலமாரியில் மோதி, பிறகு இதே பத்திரிகையின் இந்தப் பத்தியில் ஆகா ஓகோ என்று எழுதினேன்.

ஒரே ஒரு குறை, அது அப்போது குறையாகத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் தொழிலாளிகள் டீ குடிப்பதில்லை. லாரிகளுக்கு டயர் பஞ்சராவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடிக்குள் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லை.

நிலையத்தின் புதுக் கட்டடத்துக்கு முதல் தளம் போடும் நாள் வந்தது. தாளாளருக்கு ஒரு யோசனை. மாணவர்கள் கண்ணாடிக்குள் போடும் திட்டப்படியே நிஜத் தளத்தையும் போடுவோம், பெரிய மனிதர்களை அழைத்துக் காட்டுவோம் என்றார். கண்ணாடி சார் மூன்று மாதம் முன்பே வளாகத்தை மூலை மூலையாகப் படம் பிடித்து, அப்படியே கண்ணாடிக்குள் கட்டிவைத்திருந்தார். அதுதான் மாணவர்களுக்குக் கடைசித் தேர்வும். ஆறு கான்கிரீட் லாரிகளை வரிசையாக உள்ளே கொண்டுவந்து, நேரம் தவறாமல் தளத்தை முடிக்க வேண்டும். ஐம்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தேர்ச்சிப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் ஒரு கட்டுமானக் கம்பெனி நேர்காணலுக்கு அழைக்கும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, விருந்தினர்களை வரவேற்க, தாளாளர் முன்வாசலில் ஓர் இரும்பு வளைவு வைத்தார். அதில் 'எதிர்காலத்தின் நுழைவாயில்' என்று எழுதினார்கள். அந்த வளைவு கண்ணாடிக்குள் இல்லை.

இப்போது முன்வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணும் அப்போது மாணவிதான்; அவளுக்கு வகுப்பில் மீட்டர் என்று பெயர். எப்போதும் இடுப்பில் ஒரு டேப் செருகியிருப்பாள். அப்பா லாரி ஓட்டுபவர். அவரிடமிருந்து வாங்கியது. தேர்வன்று அவள் முறை வந்தது. கண்ணாடியை மாட்டினாள். முதல் லாரியை அழைப்பதற்கு முன் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வகுப்பை விட்டு வெளியே போனாள். பதினொரு நிமிடம். திரும்பி வந்தபோது கையில் துரு.

"எங்கம்மா போன?" என்றார் கண்ணாடி சார்.

"வாசலுக்கு சார். வளைவு மூணு மீட்டர் அறுபதுதான் இருக்கு. லாரிக்குப் பின்னால மேல வாய் மாதிரி இருக்கும்ல, அது மூணு தொண்ணூறு. போகாது சார்."

"கண்ணாடிக்குள்ள வளைவு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? பரீட்சையில இல்லாத கேள்விக்கு பதில் எழுதப் போனியா?"

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்கப்பா லாரிய ஓட்டட்டும். நீ மேனேஜ்மெண்ட படி."

விஷயத்தை விசாரிக்க வகுப்பறைக்கே போன என்னிடம் அந்த வாக்கியத்தை அவரே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அலமாரியில் வரிசையாக இருந்த கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துச் சொன்னார்.

மென்பொருள் பதினொரு நிமிடத்தையும் 'பணியிடத்தை விட்டு விலகல்' என்று எடுத்துக்கொண்டு வெட்டியது. அவளுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். பட்டியலில் பெயர் இல்லை. மூன்று மணிநேரம் தாமதமாகத் தளம் போட்ட ஒருவனுக்கு ஐம்பத்தைந்து.

தளம் போடும் நாளன்று முற்றத்தில் நாற்காலிகள், பெரிய திரை, திரையில் கண்ணாடிக்குள் ஓடும் அதே திட்டம். கான்கிரீட்டை மேலே அனுப்பும் பம்ப் குள்ளமான யந்திரம். அது முந்தின நாளே வளைவைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வந்துவிட்டது. திரையில் முதல் லாரி சரியாக ஒன்பது மணிக்கு உள்ளே வந்தது. தெருவிலும் வந்தது. முன்பக்கம் நுழைந்தது. பின்பக்கம் வளைவில் மாட்டியது. திரையில் லாரி கான்கிரீட்டைக் கொட்டிக்கொண்டிருக்க, வாசலில் 'எதிர்காலத்தின்' என்ற சொல் மட்டும் வளைந்து லாரியின் மேல் படுத்திருந்தது.

டிரைவர் இறங்கி வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். "இத யார் அளந்தது?" என்றார்.

பின்னால் ஐந்து லாரி. தெரு அடைத்துக்கொண்டது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். நான்கு விரல் இறங்கியது, அதற்குமேல் இல்லை. வெல்டிங்காரரைத் தேடி ஆள் ஓடியது. மேஸ்திரி மேலே நின்று, "சார், வெயில் ஏறுது, கான்கிரீட்டு காத்திருக்காது சார்!" என்று கத்தினார். திரையில் ஐந்தாவது லாரியும் முடித்துவிட்டு வெளியேறியது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி சார் வாசலுக்கு ஓடினார். ஏதாவது செய்ய வேண்டும் என்று கைகள் துடித்திருக்கும். பக்கத்தில் மீட்டர் நின்றிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, "டேப்பக் குடு" என்றார். வாங்கி, நாற்காலியில் ஏறாமல், ஒரு மாணவனை ஏறவிட்டு, கீழே நின்று முனையைப் பிடித்து எல்லோர் முன்பும் வளைவை அளந்தார். மூன்று மீட்டர் அறுபது.

தாளாளர் வந்து கேட்டார். "முப்பது சென்டிமீட்டர்! பள்ளிக்கூடப் பிள்ளையோட ஸ்கேல் அளவு! இது யாருக்குமே தெரியாதா?"

"யாருக்கும் தெரியல சார்," என்றார் கண்ணாடி சார்.

அவள் நான்கடி தள்ளி நின்றாள். வகுப்பில் சிரித்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவளும்தான். டேப்பைக் கையில் பிடித்தபடியே அவர் உள்ளே போனார். திருப்பித் தர மறந்துவிட்டது என்று அன்று மாலை வரை நினைத்தாராம்.

வளைவை வெட்டி எடுக்கும்போது பதினொன்றே கால். அன்று தளம் போடவில்லை. மூன்று லாரிகள் திரும்பிப் போயின. ஒன்று வேறு வேலைக்குப் போனது. இரண்டு லாரிக் கான்கிரீட் இறுகத் தொடங்கியதால், சுற்றுச் சாலை வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய், மதிலுக்கு மேலாகச் சரித்து சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். அது அங்கேயே இறுகி ஒரு குன்றாகிவிட்டது. மாணவர்கள் அதற்குக் கண்ணாடி மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தினமும் முன்வாசலைத் தவிர்த்துப் பின்வாசலில் நுழையும் கண்ணாடி சார் அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும்.

அன்றிரவு வீட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நேர்காணல் பட்டியல் அனுப்ப இரண்டு நாள் இருந்தது. மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுமானால் காரணம் எழுதித் தாளாளரிடம் தர வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை மனைவி வாங்கிப் படித்தார்.

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மதிப்பெண் தவறாகப் பதிவாகியுள்ளது..." மனைவி தாளை மேசையில் வைத்தார். "கோளாறு எதுக்குங்க? மெஷினுக்கா? மெஷினா அந்தப் பொண்ணப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சுது? மெஷினா யாருக்கும் தெரியலன்னு சொல்லிச்சு?"

"இப்படி எழுதினாதான் கையெழுத்துப் போடுவாரு. அவளுக்கு வேலை கிடைக்கணும்ல?"

"அவளுக்கு வேலை கிடைக்கணும், உங்களுக்கு மானம் போகக் கூடாது. ரெண்டும் ஒரே தாள்ல அடங்கிருச்சு. கெட்டிக்காரர்தான் போங்க."

அந்தத் தாளைத்தான் கொடுத்தார். தாளாளர் கையெழுத்திட்டார். முப்பத்தெட்டு அறுபத்தொன்றானது. அவள் நேர்காணலுக்குப் போய் வேலை வாங்கினாள். இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அவளை எடுத்துக்கொண்ட கம்பெனிக்கே நிலையத்தின் இரண்டாவது மாடி வேலை கிடைத்தது. கம்பெனி அவளை அங்கேயே போட்டது. காலை ஏழு மணியிலிருந்து வரும் வண்டிகளைப் பார்த்து உள்ளே விடுவது அவள் பொறுப்பு. வெட்டித் தூக்கிய வளைவு இப்போது நாலரை மீட்டர். ஆனாலும் ஒவ்வொரு வண்டியையும் அளக்கிறாள். மேஸ்திரிக்கும் மற்ற எஞ்சினியர்களுக்கும் அவள் முதலில் தோற்றதும், பிறகு 'கோளாறு' என்று எழுதி மதிப்பெண் ஏறியதும் எப்படியோ தெரிந்துவிட்டது. யாரோ சொல்லி ஏற்றிவிட்ட ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோளாறு மேடம் என்ற பட்டம் அங்கிருந்து வந்தது. சரக்கு சரியில்லை என்று அவள் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினால், "மேடமே கோளாறுல பாஸானவங்க, கோளாறு கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்கிறார்கள்.

கண்ணாடி சார் ஒரு முறை முயன்றிருக்கிறார். அவள் மதியம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, டேப்பைக் கொண்டுபோய் நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை. "இங்க வேணாம் சார். எங்க வாங்கினீங்களோ அங்க குடுங்க. வளைவுக்குக் கீழ. காலையில எல்லாரும் இருப்பாங்க."

"எல்லாரும் எதுக்கும்மா?"

"வாங்கும்போது எல்லாரும் இருந்தாங்களே சார்."

மறுநாளிலிருந்துதான் சின்னக் கதவு.

இதை அவர் எனக்கு வகுப்பறையில் வைத்துச் சொல்லி முடித்தபோது, பையைத் திறந்து டேப்பை எடுத்துக் காட்டினார். ஐந்து மீட்டர் டேப். மஞ்சள் உறை, ஓரத்தில் ஆணியால் கீறிய ஒரு லாரி எண். பூட்டும் பொத்தான் வேலை செய்வதில்லை. இழுத்தால் உடனே சுருங்கிக்கொள்கிறது.

"நாளைக்கு முன்வாசல்ல வரேன்," என்றார். "நீங்களும் வாங்க."

போனேன். ஏழு இருபதுக்கு ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பை தோளில். வாசலில் மேஸ்திரி, நாலைந்து ஆட்கள், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவர்கள், நடுவில் அவள். சந்துப் பக்கம் அவர் திரும்பவில்லை. வளைவுக்கடியில் வந்து நின்றார். பையின் ஜிப்பில் கை வைத்தார்.

"வணக்கம் சார்," என்றாள் அவள். காத்திருந்தாள்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்து, "என்ன சார், இன்னிக்கு வழி மாறி வந்துட்டீங்க?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

கண்ணாடி சாரும் சிரித்தார். அலுவலகத்தில் பதினெட்டு வருடம் சிரித்த அதே சிரிப்பாக இருக்க வேண்டும். ஜிப்பிலிருந்து கையை எடுத்தார். "வணக்கம்மா, வேலையெல்லாம் நல்லா போகுதா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். நாலரை மீட்டர் வளைவுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டே போனார்.

பதினோரு மணிக்கு எனக்கு அவரிடமிருந்து போன்.

"நீங்க எழுதிருங்க," என்றார். "நடந்தது நடந்தபடி. அவ அளந்தா, எங்கிட்ட சொன்னா, நான் மறைச்சேன். எல்லாரும் படிப்பாங்கல்ல? மேஸ்திரியும் படிப்பாரு. எல்லார் முன்னாலயும் சொன்ன மாதிரி ஆயிரும்."

"டேப்பு?"

"அதையும் நீங்களே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வைத்துவிட்டார்.

எழுதுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேன். கடையில் புதிதாக வாங்கிய டேப்பால் ஒரு செங்கல் வண்டியை அளந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கோபப்படவில்லை.

"எழுதுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "படிக்கிறவங்க படிக்கட்டும். ஆனா அது நீங்க சொன்னது." வண்டிக்காரருக்குக் கை காட்டி உள்ளே விட்டாள். "டேப்பு எப்ப வரும்னு சொன்னாரா?"